என் கையைப் பிடித்து நிறுத்தியவர்களுக்கு

அன்புள்ள உங்கள் அனைவருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் மகள் 30 மீட்டர் கோட்டில் நின்று ஆறு அம்பு விட்டாள். நான்கு இலக்கில் தைத்தன. இரண்டு வைக்கோல் கட்டைத் தாண்டிப் போய் வாய்க்கால் கரையில் விழுந்தன. அவள் கையில் இருந்தது நாம் செய்த மூங்கில் வில். 'நான் செய்த வில்' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. இந்த ஒன்பது மாதத்தில் நான் அவசரப்பட்ட ஒவ்வொரு இடத்திலும் உங்களில் ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறீர்கள். அதற்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதல் வில் உடைந்த கதை உங்களில் சிலருக்குத் தெரியும். வில்வித்தைப் போட்டியில் 'இந்தியன் ரவுண்டு' என்கிற பிரிவில் 30 மீட்டரும் 50 மீட்டரும் மூங்கில், மர வில்லோடுதான் எய்கிறார்கள். மைதானத்தில் இருந்த ஒரே நல்ல வில்லை நாலு பிள்ளைகள் மாற்றி மாற்றி எடுத்தார்கள். மகளுக்கென்று ஒன்று செய்துவிடலாம் என்று ஐப்பசியில் சாரம் கட்டுகிற மூங்கிலில் ஒன்றை வாங்கி வந்தேன். பார்க்க வழவழப்பாக இருக்கட்டும் என்று வெளித்தோலை இழைப்புளியால் சீவினேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு. மூங்கிலின் வலிவெல்லாம் தோலையொட்டிய நாரில்தான் நெருங்கிக் கிடக்கிறது, உள்ளே போகப் போக நார் குறைந்து மெதுவான சோறு மிகுகிறது. வில் வளையும்போது இழுவை முழுவதையும் தாங்குவது அந்த முதுகுப்புறத் தோல். அதைச் சீவிவிட்டேன். முழுதாக இழுப்பதற்கு முன்பே சிராய் கிளம்பி 'படீர்' என்று போயிற்று. நெற்றியில் பட்ட துண்டு இன்னும் கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். அன்றைக்குத் தன் தையல் துணியைக் கிழித்துக் கட்டுப்போட்டுவிட்ட எதிர்வீட்டு அத்தைக்கு முதல் நன்றி.

அடுத்தது, தோட்டத்து ஐயா, உங்களுக்கு. வேலியோரக் கல்மூங்கில் புதரைக் காட்டி, "எது வேணுமோ எடுத்துக்குங்க தம்பி" என்று சொன்ன வாயாலேயே, அரிவாளோடு வந்த என்னைத் திருப்பியும் அனுப்பினீர்கள். "இப்ப வேண்டாமுங்க. மழைத்தண்ணி இன்னும் உள்ள நிக்குது. மார்கழித் தேய்பிறை வரட்டும்." எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது உண்மை. மார்கழியில் நீங்களே விடிவதற்கு முன் வந்து நின்றீர்கள். அரிவாளின் மழுங்கிய முதுகால் ஒவ்வொரு கழியையும் தட்டிக் கேட்டீர்கள். வெள்ளை மாவு பூத்து, பாளை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்ததை ஒதுக்கினீர்கள். சாம்பல் திட்டுத் திட்டாகப் பாசி படிந்த கழியைத் தொட்டு, "இதுக்கு நாலு வருசம் ஆச்சு, இதை எடுங்க" என்றீர்கள். வெட்டிய கழியைப் படுக்க வைக்காமல் தாழ்வாரத்து நிழலில் மூன்று மாதம் நிறுத்தி வைக்கச் சொன்னதும் நீங்கள்தான். இன்று வரை அதில் ஒரு உளுப் பூச்சி ஓட்டை கிடையாது. (2017-இல் இந்திய வனச்சட்டத்தைத் திருத்திய பிறகு, காட்டுக்கு வெளியே வளர்கிற மூங்கில் அந்தச் சட்டத்தின் கண்ணில் மரம் இல்லை. தெரியாமல் இருக்கிறவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.)

பங்குனியில் கழியைப் பிளந்தது கூடை முடைகிற அக்கா. அக்கா, நீங்கள் கத்தி வைத்த அந்த அரை மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். கல்மூங்கிலுக்கு உள்ளே துளை என்பது பேருக்குத்தான், பிளப்பது லேசு இல்லை. பிளவு ஒரு பக்கமாக ஓடத் தொடங்கியதும் நான் பதறி மறுபக்கம் அடிக்கப் போனேன். "விடுங்க அண்ணா" என்று கத்தியை வாங்கிக்கொண்டீர்கள். தடிப்பாக இருந்த பாதியைக் காலால் மிதித்துக்கொண்டு அதை மட்டும் மெல்ல வளைத்தீர்கள், பிளவு தானாக நடுவுக்குத் திரும்பிவிட்டது. ஒவ்வொரு கணுவிலும் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி. ஐந்தடி நீளத்துக்கு நூல் பிடித்த மாதிரி இரண்டு பாதி. அதற்கு நீங்கள் வாங்கிக்கொண்டது ஒரு டீ.

வளைவு பார்க்கும் வேலை மரப்பட்டறையில் நடந்தது. ஆசாரி அண்ணா, ஆர்டர் வேலை குவிந்து கிடந்த நேரத்தில் ஒரு சுவரையே எனக்கு விட்டுக்கொடுத்தீர்கள். வில்லின் பிடியைச் சுவர் முளையில் மாட்டி, நாணில் கயிறு கட்டி, கீழே பழைய கிணற்றுக் கப்பி ஒன்றை அடித்து, பத்தடி தள்ளி நின்று இழுக்கிற மாதிரி செய்துகொடுத்தது உங்கள் யோசனை. என் நெற்றித் தழும்பைப் பார்த்துவிட்டுத்தான் அதைச் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். முதுகுத் தோலில் உளி படவே கூடாது, உட்புறத்தில் மட்டும் எடுக்க வேண்டும். அதிலும் இழைப்புளியைப் பிடுங்கி வைத்துவிட்டு, உடைந்த கண்ணாடித் துண்டைக் கொடுத்து "இதால சுரண்டுங்க, போதும்" என்றீர்கள். மாவு மாதிரி உதிர்ந்தது. ஒரு மணி நேரம் சுரண்டினால் ஒரு பிடி தூள்.

இடையில் மஞ்சள் மண்டி வேலையாக வயநாடு போயிருந்தபோது, பனமரத்துப் பக்கம் குறிச்சியர் பழங்குடிப் பெரியவர் ஒருவரைப் பார்க்கக் கிடைத்தது. 1802-இல் பனமரம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து பிடித்த தலக்கல் சந்துவின் ஆட்கள் வில்லும் அம்பும் ஏந்திப் போன குறிச்சியர்கள். அந்த ஊரில், அந்த மக்களில் ஒருவர் தன் வில்லை என் கையில் கொடுத்தார். பாதி மலையாளமும் பாதி தமிழுமாக அவர் சொன்னது இரண்டே விஷயம்: ஒவ்வொரு முறை சுரண்டியதும் முப்பது தடவையாவது மெல்ல இழுத்துவிட்டுப் பிறகு பார், மரம் அப்போதுதான் தன் குறையைக் காட்டும். எத்தனை இழுவை எடைக்கு வில் வேண்டுமோ அதற்கு மேல் ஒரு நாளும் இழுக்காதே, பாதி வேலையிலும் இழுக்காதே. வணக்கம் பெரியவரே. இந்த மடல் உங்களுக்கு வந்து சேருமா, தெரியவில்லை. யாராவது படித்துக் காட்டினால் மகிழ்வேன்.

அவர் சொன்ன எடையை அளக்க மண்டியின் கொக்கித் தராசையே எடுத்துவந்தோம். ஞாயிறு என்றும் பாராமல் வந்த சுமைதூக்கும் தம்பி தராசு முள்ளிலேயே கண் வைத்து நின்றார். 24 அங்குல இழுப்பில் 11 கிலோ, அதாவது 24 பவுண்டு. "பதினொன்னு, நிறுத்துங்கண்ணா!" என்று அவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மருந்து வாங்கப் போன வழியில் பட்டறைக்குள் எட்டிப் பார்த்த அம்மா, நாண் இழுபட்ட வில்லைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் புருவமாட்டம் இருக்குது. அந்தப் பக்கம் முழங்கையாட்டம் மடங்குது" என்றார். நானும் ஆசாரி அண்ணனும் சுவரில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்த்தோம். இரண்டாம் கணுவுக்குக் கீழே ஒரு விரல் அகலத்தில் கூடுதலாகச் சுரண்டியிருக்கிறேன். அப்படியே விட்டிருந்தால் அந்த இடத்தில்தான் முறிந்திருக்கும். அந்த விரலகலத்தைத் தொடாமல், அதற்கு இரண்டு பக்கமும் எடுத்து எடுத்து வளைவைச் சமன் செய்ய மேலும் ஒன்பது நாள் ஆனது. அம்மாவுக்கு நன்றி என்று எழுதினால் அவர் திட்டுவார். இருந்தாலும் எழுதுகிறேன்.

நாண் திரித்துக் கொடுத்த மலையடிவாரத்துப் பாட்டிக்கு என்ன சொல்வது? மருள் செடியின் மடலைப் பலகையில் போட்டு மழுங்கின கத்தியால் வழித்து, அலசி, வெயிலில் போட்டதும் தலைமுடி மாதிரி வெள்ளை நார். ஒவ்வொரு புரியையும் வலப்பக்கம் முறுக்கி, இரண்டையும் இடப்பக்கமாகப் பின்னினார். இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் அவிழ்வதில்லை. ஆங்கிலத்தில் இந்தச் செடிக்கு 'வில்நாண் சணல்' என்றே பெயர். பாட்டிக்கு அது தெரியாது, மாடு கட்டத் திரித்த கை அது. தேன்மெழுகு தடவி, வில்லுக்கும் நாணுக்கும் நடுவே கட்டைவிரலை நீட்டிய முட்டி அளவு இடைவெளி விட்டுப் பூட்டினோம். நாண் மாட்டுகிற வெட்டுக்குக் 'குதை' என்று பெயர் என்றும், வில்லுக்கே 'கொடுமரம்', வளைந்த மரம், என்று ஒரு பெயர் உண்டு என்றும் சொன்ன தமிழையாவை அன்றைக்குப் பட்டறையில் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

பயிற்சியாளர் சார், நீங்கள் மகளிடம் சொன்ன லிம்பா ராம் கதையை அவள் எனக்குப் பத்துத் தடவை சொல்லிவிட்டாள். ராஜஸ்தானில் மூங்கில் வில்லோடு திரிந்த ஆதிவாசிப் பையன் மூன்று ஒலிம்பிக்கில் நின்ற கதை. ஆனால் நான் உங்களுக்கு நன்றி சொல்வது வேறொன்றுக்கு. முதல் நாள் அவள் ஆசையில் அம்பு இல்லாமலே நாணை இழுத்து விடப் போனாள். பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். அம்பு வாங்கிக்கொள்ளாத வேகம் அத்தனையும் வில்லுக்கே திரும்பும் என்று அப்புறம்தான் விளக்கினீர்கள். ஒன்பது மாத வேலை அந்த ஒரு நொடியில் போயிருக்கும்.

வில் இப்போது நாண் கழற்றி எங்கள் வீட்டு நடையில் இரண்டு முளைமேல் படுத்திருக்கிறது. வந்து எடுத்துப் பாருங்கள். அக்கா பிளந்த மறுபாதி இன்னும் தாழ்வாரத்தில் நிற்கிறது. மைதானத்தில் வில்லுக்காகக் காத்திருந்த அந்த மூன்று பிள்ளைகளில் இடதுகைக்காரி ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பட்டறையில் சுரண்டத் தொடங்குகிறோம். ஆசாரி அண்ணன் கப்பிக்கு எண்ணெய் போட்டு வைத்துவிட்டார்.

அன்புடன்,
வில்லுக்காரியின் அப்பா