கதவுக்கு அடியில் வந்த லாரி

புளியரை
ஜூலை 6

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. சித்தூர் வீட்டில் மகன் மிருதங்கம் சாதகம் பண்ண ஓர் அறை ஒதுக்கி, சுவரெல்லாம் நுரைப் பலகை ஒட்டப்போவதாக எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. அந்தப் பாடத்தை நான் எட்டாயிரம் ரூபாய் கட்டணம் கட்டிப் படித்திருக்கிறேன்.

எங்கள் வீடு இருக்கும் இடம் உனக்குத் தெரியும். எஸ் வளைவு ஏறுவதற்கு முன்னால் லாரிக்காரர்கள் கியர் மாற்றுகிற இடம். ஜல்லியும் எம்-சாண்டும் ராத்திரி முழுக்கக் கேரளாவுக்குப் போகும். என் மகள் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இணையத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்; பாடத்தைப் பதிவு செய்ய அவளுக்கு ராத்திரிதான் நேரம். பாதிச் சமன்பாட்டில் ஒரு லாரி உறுமும், அழித்துவிட்டு மறுபடி தொடங்குவாள். பார்க்கப் பொறுக்காமல் நான்தான் இரண்டு அங்குல நுரை வாங்கி, நாலு சுவரிலும் பசை தடவி ஒட்டினேன்.

அன்று ராத்திரியும் லாரி வந்தது, கொஞ்சமும் குறையாமல். ஆனால் ஒரு விஷயம் மாறியிருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்த அவள் குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலத் தெளிவாகிவிட்டது. நுரையின் வேலை அவ்வளவுதான் மாப்ளே. உள்ளே எழும் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பாமல் அது குடித்துக்கொள்ளும். வெளிச் சத்தத்தை மறிக்க அதற்கு எடை இல்லை. முட்டை அட்டையும் இதே கதைதான், அதைவிட மோசம்.

1895-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு புது விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லையாம். ஒரு சொல் ஐந்தரை விநாடி அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. வாலஸ் சபைன் என்கிற இளம் ஆசிரியர், ராத்திரி ராத்திரியாகப் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து பரப்பி, எத்தனை மெத்தைக்கு எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்ப வைத்துவிட வேண்டும்! மெத்தை அடக்கியது கூடத்துக்குள் இருந்த எதிரொலியை. தெருவில் போன வண்டியை அல்ல.

எங்களுக்கு வழி காட்டியவர் வாசல் கதவு செய்த ஆசாரி. அறைக்குள் போய் விளக்கை அணைக்கச் சொன்னார். கதவுக்கு அடியில் விரல் அகலத்துக்கு வெளிச்சம். ஜன்னல் ஓரத்தில் கோடு கோடாக வெளிச்சம். "வெளிச்சம் வர்ற வழியிலதான அய்யா லாரியும் வருது" என்றார். அப்புறம் மேலே பார்த்துச் சிரித்தார். ஓட்டுக் கூரை! ஓட்டுக்கு ஓடு இடைவெளி இருக்கும்போது சுவரில் எதை ஒட்டி என்ன?

சரி என்று, நெல் மூட்டை போட்டிருந்த மச்சு அறைக்கு மாறினோம். சுற்றிலும் கனத்த சுவர், மேலே பலகைத் தளம், ஒரே ஒரு சின்ன ஜன்னல். கதவுக்கு அடியில் மரச்சட்டமும் சுற்றிலும் ரப்பர் பட்டியும் ஆசாரி வைத்தார். ஜன்னலைக் கனமான பிளைவுட்டால் அடைத்தோம். எதிரொலிக்கு அம்மாவின் பழைய இலவம்பஞ்சு மெத்தைகள் இரண்டை நிறுத்தினோம். இப்போது லாரி எங்கோ ஆற்றுக்கு அக்கரையில் போவதுபோல இருக்கிறது. முழுக்க நின்றுவிடவில்லை. காற்றும் வராது, மின்விசிறி போட்டால் அதுவும் பதிவில் விழும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை வியர்வையோடு வெளியே வருகிறாள்.

பழைய அறை நுரை சாரல் காலத்தில் ஈரம் குடித்துப் பூஞ்சை பிடித்தது. பிய்த்தால் சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது. வேண்டுமென்றால் சட்டத்தில் அடித்து ஆணியில் மாட்டு. இன்னொன்று, அந்த அறையில் ஊதுபத்தி கூட வேண்டாம். 2003-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இசை விடுதியில் மேடைச் சுவரில் ஒட்டியிருந்த நுரையில் வாணப் பொறி பட்டு, 100 பேர் செத்தார்கள். தீயைவிட முதலில் ஆளைச் சாய்ப்பது அந்தப் புகை.

உன் பாடு என்னுடையதைவிடக் கஷ்டம். நீ உள்ளே இருக்கிற சத்தத்தை வெளியே விடாமல் வைக்க வேண்டும், அதுவும் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் எழுப்பும் கனத்த அடிநாதத்தை. விநாடிக்கு நூறு தடவை அதிர்கிற, அதாவது 100 ஹெர்ட்ஸ், அடிநாதத்தின் ஒரு அலையே ஏறக்குறைய 3.4 மீட்டர் நீளம். இரண்டு அங்குல நுரையை அது சட்டை செய்யாது. அதை மறிப்பது கனம்தான். சுவரின் எடையை இரண்டு மடங்காக்கினாலும் சத்தம் அதன் அளவையில் சுமார் 6 டெசிபல்தான் குறையும். அதனால் காங்கிரீட் கூரையும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் உள்ள பின்னறையைப் பார். பணத்தைக் கதவில் போடு. உள்ளே பொள்ளலான கதவு வேண்டாம். பையன் உட்காரும் இடத்தில் தடித்த ரப்பர் விரிப்பும் அதன்மேல் பலகையும் போடு, அதிர்வு தரை வழியாகப் போவது கொஞ்சம் குறையும். பக்கத்து வீட்டுக்காரரிடம் சாதக நேரத்தையும் பேசி வைத்துக்கொள்.

நேரே பார்க்காமல் இதற்கு மேல் சொல்ல முடியாது. ஒரு ராத்திரி அந்தப் பின்னறையில் விளக்கை அணைத்துவிட்டு நில். வெளிச்சம் எங்கெங்கே தெரிகிறது, கதவின் அடி இடைவெளி எவ்வளவு என்று அளந்து எழுது. ஆசாரியிடம் கேட்டுச் சொல்கிறேன்.

உன் பழைய பெஞ்சுக்காரன்