தொலைபேசி இணைப்பகங்களும் மரபுச் சொத்தே

ஆசிரியர் அவர்கட்கு,

மரபுக் கட்டடம் என்றதும் திருகோணமலையில் நாம் கோணேசர் ஆலயத்தையும் பிரெட்றிக் கோட்டையையும் காட்டுவதோடு நின்றுவிடுகிறோம். தொலைபேசி அழைப்புகளை ஒன்றோடொன்று இணைத்துக்கொடுத்த, கடந்த நூற்றாண்டின் நவீனபாணி இணைப்பகங்களை வெறும் கொங்கிரீட் பெட்டிகள் என ஒதுக்குவது (நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்) சரியன்று. 1891 இல் அமெரிக்கரான ஸ்ட்ரோஜர் காப்புரிமை பெற்ற தன்னியக்க இணைப்பு முறையிலிருந்து வளர்ந்த, ஆளுயரத்தை மிஞ்சும் பொறிச் சட்டகங்களுக்காகவே உயரமான மண்டபங்களும் பாரந்தாங்கும் தளங்களும், தூசியைத் தடுப்பதற்காகவே இறுக மூடிய சன்னல்களும், நிலத்தடி வடங்கள் மேலேறுவதற்காகக் கீழே தனியறையும் அமைக்கப்பட்டன. அப்பொறிகளுக்குப் பதிலாகப் பின்னர் வந்த இலக்கமுறைக் கருவிகளுக்கு அவ்வளவு இடம் தேவைப்படவில்லை. எங்கள் கடற்கரையின் உப்புக்காற்று கொங்கிரீட்டினுள் இருக்கும் கம்பியை அரிக்குமாதலால், இத்தகைய கட்டடங்களை இடிப்பதா பேணுவதா என முடிவெடுக்குமுன், அவற்றின் வரைபடங்களையும் ஒளிப்படங்களையும் உரியோர் பதிவுசெய்தல் வேண்டும்.

வாசகர் ஒருவர்,
திருகோணமலை.