காட்டு உரிமைக்காக எங்களோடு நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

சத்தியமங்கலம் மலையில் இருக்கும் எங்கள் ஊருக்குச் சமூக வன உரிமைப் பட்டா வந்துவிட்டது. கடுக்காய், நெல்லி, பூச்சக்காய் (பூந்திக்கொட்டை), சீமாறு (துடைப்பப் புல்), தேன் எல்லாவற்றையும் சேகரிக்கவும் விற்கவும் எங்களுக்கு உரிமை உண்டு என்று அதில் எழுதியிருக்கிறது. உடன் நின்றவர்களுக்கு நன்றி சொல்லவே ஊர் சார்பில் இந்த மடல்.

முதல் நன்றி, 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தை வரி வரியாகப் படித்துக் காட்டிய வக்கீல் அம்மாவுக்கு. 2013இல் எங்கள் காட்டைப் புலிகள் காப்பகமாக அறிவித்த பிறகு, சீமாறுக் கட்டோடு வழியில் யாராவது நிறுத்தினால் "இந்த ஒரு தடவை விட்டுடுங்க சாமி" என்று கும்பிட்டுத்தான் பழக்கம். மனுவையும் அப்படித்தான் "கருணை கூர்ந்து" என்று ஆரம்பித்தோம். அந்த அம்மா அதை அடித்துவிட்டு, "பிரிவு 3(1)-ன்படி எங்களுக்குள்ள உரிமையை" என்று எழுத வைத்தார். அதைச் சத்தமாகப் படித்தபோது எங்கள் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததை நாங்கள் மறக்க மாட்டோம்.

உரிமையை நிரூபிக்கப் பழைய காகிதம் எங்களிடம் ஏது? பெரியவர்களின் வாக்குமூலம், சாமி கும்பிடும் இடம், முன்னோரைப் புதைத்த இடம் எல்லாமே சான்றுதான் என்று அந்தச் சட்டத்துக்கான விதிகளில் விதி 13 சொல்கிறது. முட்டிவலியோடு காடேறி வந்து, "உங்க தாத்தா இந்தப் பாறையிலதான் கொடி கட்டித் தேனுக்கு இறங்குவாரு" என்று இடம் இடமாகக் காட்டிய பாட்டிமார்களே, நீங்கள் இல்லாமல் வரைபடம் இல்லை. ஜிபிஎஸ் கருவியோடு அவர்கள் பின்னால் நடந்து எல்லை குறித்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நன்றி.

நீதிமன்ற உத்தரவால் தமிழ்நாட்டில் 2008 முதல் 2016 வரை வன உரிமைப் பட்டா கொடுப்பதே முடங்கிக் கிடந்தது. அப்போதும் வாரம் தவறாமல் வந்து எங்களைச் சோர்ந்துபோக விடாத தோழர்களுக்குத் தனி நன்றி. ஓர் அலுவலகத்தில் எங்கள் கோப்பையே காணோம் என்றார்கள். முத்திரையோடு ஒப்புகைச் சீட்டு வாங்கி வைக்கச் சொல்லியிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியரால் தப்பித்தோம். அப்புறம், கூலியை விட்டுவிட்டுக் கிராமசபைக்கு வந்து பாதி இடத்துக்கு மேல் நிறைத்த அக்கா தங்கைகளே, தீர்மானம் உங்களுடையது.

பக்கத்து ஊர்களின் மனுக்கள் இன்னும் அவற்றைப் பரிசீலிக்கும் கோட்ட அளவிலான குழுவில்தான் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகள் அவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறார்கள். அங்கேயும் வாங்க.

இப்படிக்கு,
வன உரிமைக் குழுவினர்