அம்மா, ஃபாதரை வரச் சொல்லு

மேயோ, அயர்லாந்து
பிப்ரவரி 12, ராத்திரி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்க நல்ல சுகம், அங்க நீ, அப்பா, அண்ணன், அண்ணி, பாப்பா எல்லாரும் சுகமா இருக்க மாதாகிட்ட வேண்டிக்கிறேன். ஆத்தூர் அக்கா லீவு முடிஞ்சு போன வாரம் வந்துட்டாங்க, நீ குடுத்துவிட்ட பார்சல் வந்து சேர்ந்துச்சு. தட்டுவடை பாதி நொறுங்கிப் போச்சு, நொறுங்கினதையும் விடல, கையால அள்ளி அள்ளித் தின்னேன். காப்பித்தூள் பொட்டலத்தைப் பிரிச்சதும் ரூம் பூரா நம்ம அடுப்படி வாசம், அதுலயே கொஞ்ச நேரம் நின்னுட்டு இருந்தேன், லெட்டரை அப்புறம்தான் பார்த்தேன். பாப்பா கையெழுத்து எவ்ளோ அழகாயிருச்சு! நீ சொல்லச் சொல்ல எழுதியிருக்கா, நடுவுல 'இப்ப ஆயா அழுவுது' னு அதையும் எழுதி வச்சிருக்கா.

நாலு மாசமா நான் ஒரு லெட்டரும் போடல, போன்லயும் ரெண்டு நிமிஷம் பேசிட்டு வச்சிடறேன், தப்புதான் அம்மா. நைட் டியூட்டி கூட கேட்டு வாங்கிக்கிறேன், சும்மா ரூம்ல உக்காந்திருக்கறதுக்கு வேலை செஞ்சா நேரம் போகுதில்ல அதான். வேற ஒண்ணும் இல்ல, நீ எதையாவது நினைச்சுக்காதே.

குளிரைப் பத்திக் கேட்டிருந்தே. ஏற்காட்டுல பொறந்தவளுக்கு என்ன குளிர்னு சொல்லிட்டுத்தான் வந்தேன், ஆனா நம்ம மார்கழிப் பனி காலைல இறங்கும் பத்து மணிக்கு வெயில் வந்து தூக்கிரும், இங்க வெயில்ங்கறதே கிடையாது, மழையும் காத்தும் சேர்ந்து படுத்துக்கிட்டே அடிக்குது, குடை புடிச்சா குடைதான் போகும். ஹீட்டர் போட்டா எனக்குத் தலை வலிக்குது, அதனால நான் போடறதில்ல, நீ குடுத்த கம்பளியும் ரெண்டு ஸ்வெட்டரும் போதும். சாப்பாடு சோறும் ரசமும்தான், ஒரு தடவை வச்சா மூணு நாளைக்கு வருது. மிளகு மட்டும் நம்ம தோட்டத்து மிளகு, அதை எண்ணி எண்ணித்தான் போடறேன்.

கீழ்வீட்டுத் தாத்தா பத்திப் போன்ல சொன்னேன்ல, நான் தாளிச்சா கதவைத் திறந்து வெளிய வந்து நிப்பாரே, அவரு. எண்பது தாண்டிருச்சு, பொண்டாட்டி போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆச்சாம், ஒரு நாயும் அவரும்தான். யார்கிட்டயும் பேச மாட்டாரு, ஆனா ஜனவரி 31 ராத்திரி மழைல வெளிய போய் ஒரு வெள்ளைத் துணியைச் செடி மேல விரிச்சிட்டு வந்தாரு. நான் ஜன்னல்ல பார்த்துட்டு, துவைச்ச துணியை மறந்துட்டாரு போலன்னு ஓடிப்போய் எடுத்துக் குடுத்தா, பதறிப் போய் திரும்பப் போட்டுட்டாரு. அப்புறம்தான் தெரிஞ்சுது, நம்ம பக்கம் பிரிஜித்தம்மான்னு பேர் வைப்பாங்களே, அந்தப் பேர்ல இந்த ஊருக்குன்னு ஒரு புனிதை இருக்காங்க, பிப்ரவரி 1 அவங்க திருநாள், முந்தின ராத்திரி அவங்க ஊரைச் சுத்தி வந்து வெளிய போட்ட துணியைத் தொட்டுட்டுப் போவாங்கன்னு நம்பிக்கை. அந்தத் துணியை வருஷம் பூரா வச்சிருந்து தலைவலி தொண்டைவலின்னா கட்டிக்குவாங்க, மாடு கன்னு போடறப்பகூட அது மேல போடுவாங்களாம். 2023-லேர்ந்து அந்தப் புனிதை பேர்ல கவர்மென்ட் லீவே விடறாங்க. நான் அன்னிக்கும் டியூட்டிக்குப் போனேன், லீவு நாள்ல வேலை செஞ்சா கூடக் குடுப்பாங்க.

மறுநாள் காலைல அவரே கதவைத் தட்டி, உங்க அப்பாவுக்கு முடியலன்னியே, இந்தான்னு துணியை ரெண்டாக் கிழிச்சு பாதியைக் குடுத்தாரு. தேங்க்ஸ்னு சொல்ல வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்திட்டாரு, சுகத்துக்குக் குடுக்கறதுக்கு நன்றியும் சொல்லக்கூடாது காசும் குடுக்கக்கூடாதாம், இங்க பழைய ஆளுங்க அப்படித்தான். எனக்கு நாகலூர் அத்தை ஞாபகம் வந்துருச்சு, புள்ளைங்களுக்குப் பயந்த கோளாறுன்னா மந்திரிச்சு விட்டுட்டு ஒரு வெத்தலைகூட வாங்காதே அது. அந்தத் துணி இந்த லெட்டர்ல இருக்கு. அப்பா தலையணைக்கு அடியில வை.

இப்ப நான் சொல்ல வந்ததுக்கு வர்றேன். அண்ணன் வண்டி புடிச்சு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அப்பாவைச் சேலத்துல அந்தச் சுகமளிக்கும் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனதும், தலைல கை வச்சு செபம் பண்ணினதும் அப்பா குச்சி இல்லாம நாலடி வச்சதும் படிச்சப்ப எனக்கும் கண்ணு நிறைஞ்சு போச்சு. அதுக்கடுத்த வரில, விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்குன்னு மேடைல சொன்னாங்க, பதினோரு நாளா மாத்திரை குடுக்கலன்னு இருக்கு. ஆத்தூர் அக்கா போனை வாங்கி அப்பவே அண்ணனுக்குப் போட்டேன், உங்களுக்கு விடியக்காலம் மூணு மணி. மறுபடி ஆரம்பிச்சாச்சு, கீழ விழுந்ததுல முட்டில சிராய்ப்போட போச்சுன்னு அண்ணன் சொன்ன பிறகுதான் மூச்சு வந்துச்சு. அண்ணனைத் திட்டிட்டேன், அதுக்கு மன்னிச்சுக்கச் சொல்லு, அவன் அப்பாவைத் தோள்ல தூக்கிட்டுப் போனவன்.

செபத்தை நான் குறை சொல்லல அம்மா. டெய்லி அம்பத்து மூணு மணி செபமாலை முடிக்காம நான் படுக்கறதில்ல. ஆனா ஒரு தடவை பக்கவாதம் வந்த உடம்பு, பிரஷர் மாத்திரையும் ரத்தம் கட்டாம இருக்கற மாத்திரையும் நிறுத்தினா ரெண்டாவது தடவை வரலாம், அப்படி வந்தவங்களைத்தான் நான் இங்க தினம் தூக்கி உக்கார வைக்கிறேன், ஊட்டி விடறேன், அதுல பேச்சே போனவங்க இருக்காங்க. மாதா 1858-ல காட்சி குடுத்த லூர்துலயே டாக்டருங்களுக்குன்னு 1883-லேர்ந்து தனியா ஒரு ஆபீஸ் இருக்கு, சுகமாயிட்டேன்னு யாராவது வந்தா பழைய ரிப்போர்ட் எல்லாம் வாங்கிப் பார்ப்பாங்க, இதுவரைக்கும் சுமார் ஏழாயிரம் பேர் வந்து சொல்லியிருக்காங்க, திருச்சபை புதுமைன்னு ஒத்துக்கிட்டது எழுபது சொச்சம்தான். மாதா வந்து நின்ன இடத்துலயே டாக்டருக்கு வேலை இருக்கு. நம்ம பைபிள்ல சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் பாப்பாவை வாசிக்கச் சொல்லிக் கேளு, சீக்குன்னா ஆண்டவர்கிட்ட வேண்டிக்கோ, வைத்தியருக்கும் இடம் குடு, அவரையும் ஆண்டவர்தான் படைச்சாருன்னு இருக்கு.

இன்னொண்ணு, அதுதான் என்னை ராத்திரி தூங்க விடல. நம்ம கோயில் ஃபாதர் வீட்டுக்கு வந்து அப்பாவுக்குச் செபம் பண்ணி எண்ணெய் பூசட்டுமான்னு கேட்டாராம், நீ வேணாம்னுட்டியாம், ஊருல முடிஞ்சு போச்சுன்னு பேசுவாங்கன்னு எழுதியிருக்கே. உன் பயம் எனக்குத் தெரியும். அப்பா கோயில்ல மணியடிக்கிற காலத்துல ராத்திரி ஃபாதர் கூட லாந்தர் புடிச்சுட்டு எஸ்டேட் லைனுக்குப் போவாரு, கைமணி சத்தம் கேட்டா எல்லாரும் எந்திரிச்சு முட்டி போடுவீங்க, சாகக் கெடக்கற யாருக்கோ அவஸ்தைப் பூசுதல்னு, ரெண்டு நாள்ல தேறாம போயிரும். எண்ணெய் வந்தா சாவு வரும்னு நம்ம மனசுல அப்படியே பதிஞ்சு போச்சு.

ஆனா இங்க நான் பார்த்ததைச் சொல்றேன். நேத்து லூர்து மாதா திருநாள், அதையே நோயாளிகள் நாள்னு 1993-லேர்ந்து உலகம் பூரா கொண்டாடறாங்க, நாங்க வேலை செய்யற வயசானவங்க ஹோமுக்கு ஃபாதர் வந்தாரு. பதினாலு பேரைச் சக்கர நாற்காலில வட்டமா உக்கார வச்சோம். தீப்பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளி டப்பி, உள்ள பஞ்சு, அதுல எண்ணெய். ஒவ்வொருத்தர் தலைலயும் ரெண்டு கையையும் வச்சு ஒண்ணும் பேசாம நின்னாரு. பிறகு கட்டைவிரல்ல எண்ணெய் தொட்டு நெத்தில ஒரு சிலுவை, ரெண்டு உள்ளங்கைலயும். முன்னாடி கண்ணு காது மூக்கு வாயின்னு பூசி, சாகறப்பதான் குடுப்பாங்க, 1972-ல பாப்பரசர் மாத்திட்டாரு, இப்ப ஆபரேஷனுக்கு முன்னாடி வாங்கலாம், வயசாகித் தளர்ந்து போனா வாங்கலாம், சீக்கு அதிகமானா மறுபடியும் வாங்கலாம். பைபிள்ல யாக்கோபு எழுதினதுலயும் சீக்கா இருக்கறவன் மூப்பர்களைக் கூப்பிடட்டும்னுதான் இருக்கு, சாகக் கெடக்கறவன்னு இல்ல. நான் பாத்துக்கற பாட்டி ஒருத்தி, கை எப்பவும் இறுக்கி மூடியே இருக்கும், நகம் வெட்டக்கூட விடாது, ஃபாதர் உள்ளங்கைன்னு சொன்னதும் தானா விரிச்சுது. முடிஞ்சதும் டீயும் கேக்கும் குடுத்தோம், எல்லாரும் நல்லாச் சாப்பிட்டாங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி கை துடைக்கணும்னு ரூல், அந்தப் பாட்டி கையை மட்டும் நான் துடைக்கல, எண்ணெய் மினுமினுன்னு இருந்துச்சு.

பூசை நடுவுல சின்ன மணி ஒண்ணு அடிச்சாங்க அம்மா. அப்பா கைமணி மாதிரியே. நான் டவல் காயற ரூமுக்குப் போயிட்டேன், அங்க சூடா இருக்கும், கதவைச் சாத்திட்டு ரொம்ப நேரம் நின்னேன். நம்ம கோயில் படி, சில்வர் ஓக் எலை சருகு, மணிக்கயிறு புடிச்சுப் புடிச்சுக் காய்ச்சுப் போன அப்பா கை, அந்தக் கைதான இப்ப வர மாட்டேங்குது. அந்தக் கைல எண்ணெய் பூசறப்ப நான் பக்கத்துல இருக்கணும்னு இருக்கு. வர முடியாது, அடுத்த வருஷம் லீவு குடுப்பாங்க, பாக்கலாம்.

நீ ஃபாதரை வரச் சொல்லு. ராத்திரி வேணாம், பகல்ல, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு. செம்மடுவு சித்தப்பா, நாகலூர் அத்தை எல்லாரையும் கூப்பிடு, முன்ரூம்ல மெத்தையைப் போட்டு அப்பாவைச் சாய்ச்சு உக்கார வை, வந்தவங்களுக்குக் காப்பியும் முறுக்கும் குடு. அப்பாவுக்குக் காது நல்லாக் கேக்கும், அவர்கிட்டயே கேட்டுட்டுச் செய்ங்க, எத்தனை வீட்டுக்கு அந்த டப்பியைத் தூக்கிட்டுப் போன மனுஷன். நேரத்தைப் போன்ல சொல்லு, அந்த நேரத்துக்கு நான் இங்க முட்டி போட்டிருப்பேன்.

அப்புறம் வீட்டு விஷயம். இந்த மாசம் பணம் கொஞ்சம் கம்மியா வரும், இங்க ஒரு பேப்பருக்குக் கட்ட வேண்டியிருந்துச்சு, வேற ஒண்ணும் இல்ல, அடுத்த மாசம் சேர்த்து அனுப்பிடறேன். அதுல முதல்ல அண்ணி செயினுக்கு வட்டி கட்டிடுங்க, தவணை தாண்ட விடாதீங்க, அந்தச் செயினைக் கழட்டிக் குடுத்தப்ப அண்ணி ஒரு வார்த்தை பேசல, நான் மறக்கல. பாப்பாவோட புது நன்மைக்கு வெள்ளை கவுன் தைக்க வேணாம், இங்க ஒரு சிஸ்டர் நல்ல கவுன் ஒண்ணு தர்றேன்னாங்க, அளவு மட்டும் அனுப்புங்க, தோள்லேர்ந்து முட்டி வரைக்கும். மிளகைப் பறிச்ச உடனே யாவாரிக்குப் போடாதீங்க, நாலு நாள் நல்லாக் காய வச்சு எடை பாத்துப் போடுங்க, போன வருஷம் ஈரம்னு சொல்லிக் கழிச்சுட்டாங்க. ஏணி போட்டு ஏற ஆள் வைங்க, அண்ணன் ஒத்தையா ஏற வேணாம்.

மாத்திரையை அண்ணி ஒருத்தர் கைலயே விடு. காலைல ரெண்டு, ராத்திரி சாப்பிட்டதும் ஒண்ணு, பாப்பாகிட்ட சொல்லி கேலண்டர்ல குடுத்தன்னிக்குக் குறி போடச் சொல்லு, மாசக் கடைசில அதை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பணும்.

உன் சின்ன மக