முன்வரவில்லை என்று எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா,

சென்ற ஞாயிறு இதழில், அமெரிக்காவில் விருத்திக் குறைபாடு உள்ளவர்களை ஏற்றி இறக்கும் ஒப்பந்த வாகனக்காரர்களைப் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் கடைசியில், ‘எமது வாகன உரிமையாளர்களும் சமூக உணர்வோடு முன்வர வேண்டும்’ என்று முடித்திருந்தீர்கள். அந்த வரி என்னை நோகடித்துவிட்டது ஐயா. திருகோணமலையில் வருடக்கணக்காக இந்தப் பிள்ளைகளை வானில் ஏற்றி இறக்குகிறவன் நான். இங்கே முன்வராமல் இருப்பது யார் என்பது தாங்கள் அறியாததல்ல.

அங்கே ஒருவர் முன்வந்தால் போய்க் கேட்க ஓர் இடம் இருக்கிறது. இயலாமை உள்ளவர்களை விடுதிகளில் அடைக்காமல் வீட்டோடும் ஊரோடும் வாழவைக்கும் சேவைகளுக்கு மெடிக்கெய்ட் என்ற அரச மருத்துவ உதவித் திட்டத்தின் நிதியைச் செலவிட 1981இலிருந்து மாநிலங்களுக்கு வழி உண்டு. பல மாநிலங்கள் போக்குவரத்தையும் அதில் சேர்த்திருக்கின்றன. சாரதியின் குற்றப் பதிவைப் பார்ப்பார்கள், காப்புறுதி கேட்பார்கள், ஓட்டங்களை எழுதி ஒப்படைத்தால் மைலுக்கோ ஓட்டத்துக்கோ காசு கொடுப்பார்கள். கேட்பதையெல்லாம் கொடுக்க நானும் ஆயத்தம். யாரிடம் கொடுப்பது?

சமூக சேவைப் பகுதிக்குப் போனால் பாடசாலைப் பிள்ளைகள் கல்விப் பகுதிக்குரியவர்கள் என்றார்கள். கல்விப் பகுதிக்குப் போனால் பதினெட்டு வயது தாண்டியவர்கள் தங்கள் பொறுப்பல்ல என்றார்கள். கடைசியில் ஓர் அலுவலகம் விலைமனு கோரியது. உத்தியோகத்தர்களை ஏற்றுவதற்கான அதே படிவம். கிலோமீற்றருக்கு எவ்வளவு, ஏசி உண்டா, வண்டி எந்த ஆண்டு, அவ்வளவுதான். வழியில் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் என்ன செய்வீர் என்று கேட்க அதில் இடமே இல்லை. நடக்க முடியாத வளர்ந்த மகனைத் தாய் தூக்கி ஏற்றும்வரை வாசலில் நிற்கும் நேரத்துக்கும் கணக்கில்லை. ஒப்பந்தம் குறைந்த விலை போட்டவருக்குப் போனது. அவர் கிழமைக்கொரு புதுச் சாரதியை அனுப்பினார்.

ஓட்டிசம் உள்ள ஒரு தம்பி என் இருக்கைக்குப் பின்னால், ஜன்னலோரம்தான் இருப்பான். அங்கே வேறு யாராவது இருந்தால் ஏறமாட்டான். கோட்டைப் பக்கம் மான்கள் ரோட்டில் நின்றால் எல்லோரும் ஹோர்ன் அடிப்பார்கள். நான் அடிப்பதில்லை. சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு தலையைக் கண்ணாடியில் மோதத் தொடங்கிவிடுவான். புதுச் சாரதிகளுக்கு இதை யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் அவன் வீட்டுப் படியை விட்டு இறங்கவே மறுத்துவிட்டான். அவனுடைய அம்மா என்னைக் கூப்பிட்டா. மனசு கேட்கவில்லை, ஒப்பந்தம் இல்லாமலே போனேன். இன்றைக்கும் போகிறேன்.

2022இல் எரிபொருளுக்கு வரிசையில் கிடந்தபோது இந்தப் பிள்ளைகளை ஏற்றும் வண்டி என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் காதில் வாங்கவில்லை. கியூஆர் முறையில் எரிபொருளைப் பங்கிடத் தொடங்கிய பிறகும் மற்ற வான்களுக்குக் கிடைத்த பங்குதான் எனக்கும் கிடைத்தது. பஸ்ஸில் போகலாமே என்பவர்கள், கால் விளங்காத பிள்ளையோடு ஒரு தாய் அந்த உயரப் படியில் ஏறுவதையும் பின்னால் நிற்பவர்கள் ‘கெதியா ஏறுங்கோ’ என்று கத்துவதையும் ஒருநாள் நின்று பார்க்கட்டும். 2004 சுனாமிக்குப் பிறகு திட்டம் திட்டமாக இங்கே வாகனங்கள் வந்தன. திட்டக் காசு முடிந்ததும் சாரதிச் சம்பளமும் நின்றது, வண்டியும் நின்றது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபோது, இனிப் பாதைப் படகுக்குக் காத்துக் கிடக்காமல் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் டவுனுக்கு வரலாம் என்று சந்தோசப்பட்டோம். வாகனம் வைத்திருக்கிறவர்களின் பிள்ளைகள் வருகிறார்கள். மற்றப் பிள்ளைகள் வீட்டில்தான்.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிலையங்களில் ஒருவரைச் சேர்க்காமல் விடக் கூடாது என்கிறது. 2016இல் நாடு ஏற்றுக்கொண்ட இயலாமை உள்ளவர்களின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தின் 20ஆம் உறுப்புரை, இவர்கள் கட்டுப்படியாகும் செலவில் நடமாட வழிசெய்யச் சொல்கிறது. இப்போது அந்தச் செலவைப் பெற்றோர் கைக்காசில்தான் கட்டுகிறார்கள். கூலி வேலை செய்கிற தகப்பனிடம் மாசக் கடைசியில் வான் காசு கேட்க எனக்கு நா எழுவதில்லை ஐயா.

தங்களிடம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போடுங்கள். அப்புறம், கிழக்கு மாகாணத்தில் இந்த வேலைக்கு ஒரு வான்காரர் எந்த அலுவலகத்தில், எந்தப் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்று தங்கள் நிருபர் மூலம் கேட்டு, கிடைக்கும் பதிலை அப்படியே பிரசுரியுங்கள். நான் கேட்டால் வராத பதில் பத்திரிகை கேட்டால் வரக்கூடும்.

இப்படிக்கு,
வான் சாரதி ஒருவர்,
பாலையூற்று, திருகோணமலை.