பொழுதுபோக்குப் பாடமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார உயர்கல்வி இணைப்பில், பி.ஏ. வரலாறு சேரவிருக்கும் மாணவி ஒருவர் கூடவே ஓவியமும் படிக்கலாமா என்று கேட்டிருந்தார். “பொழுதுபோக்காகக் கற்றுக்கொள்ளுங்கள், படிப்பைப் பாதிக்காமல் இருந்தால் சரி” என்று தங்கள் கல்வி ஆலோசகர் அருள்வாக்குச் சொல்லியிருக்கிறார். அதே பக்கத்தில் தஞ்சைப் பெரிய கோயில் ஓவியம் ஒன்று. அதன் கீழே ‘ராஜராஜன் காலம்’ என்று குறிப்பு. ஐயா, அது நாயக்கர் கால ஓவியம். வரலாற்றோடு ஓவியமும் பயின்ற யாராவது தங்கள் அலுவலகத்தில் பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தால் அச்சேறும் முன்பே சொல்லியிருப்பார்.

தாங்கள் அறியாததல்ல. 1931-இல் அந்தக் கோயிலின் உள்சுற்றில், நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களைக் கண்டறிந்த எஸ்.கே.கோவிந்தசாமி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்று அறிஞர். நல்லவேளை, அவர் தங்கள் ஆலோசகரிடம் யோசனை கேட்கவில்லை.

நான் அரசுக் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். சிதம்பரம் கோபுர வாயிலில் மாணவர்களை நிறுத்தி, நூற்றெட்டுக் கரணங்கள் எனும் நடன அசைவுகள், நாட்டிய சாஸ்திரச் சுலோகங்கள், வடமொழியை எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்து என்று ஒப்பித்துக்கொண்டிருந்தேன். பரதம் பயின்ற மாணவி ஒருத்தி ஒரு சிற்பத்தைக் காட்டி, கால் இப்படி ஊன்றினால் உடல் அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று அங்கேயே செய்து காட்டினாள். அதன்பிறகு என் பேச்சை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. அதையே ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று அவள் வந்தபோது, “ஆடுவதென்றால் இசைக் கல்லூரிக்குப் போகட்டும்” என்றது துறை. பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி எதையோ எழுதிக் கொடுத்துப் பட்டம் வாங்கிப் போனாள்.

புதுக்கோட்டை அருகே குடுமியான்மலைப் பாறையில், ஸ்வரங்களைக் கிரந்தத்தில் பொறித்த இசைக் கல்வெட்டு இருக்கிறது. கிரந்தம் படிக்கத் தெரிந்த எங்கள் பிள்ளைகளுக்கு ஸ்வரம் தெரியாது. ஸ்வரம் தெரிந்த பிள்ளைகளுக்குக் கிரந்தம் தெரியாது. கீழடிப் பானை ஓட்டுக்குத் தலையங்கம் எழுதிப் பெருமைப்பட்டீர்கள். அந்த ஓட்டை அளந்து, குறுக்குவெட்டாக வரைந்தால்தான் அகழாய்வு அறிக்கையில் ஏறும். வரைய யார் சொல்லிக்கொடுத்தார்கள்? வரைதலைத் துணைப்பாடமாக வைக்கச் சொல்லிப் பாடத்திட்டக் குழுவுக்கு நான் எழுதியதற்கு ஒரு வரி பதில் இல்லை. அந்த இடத்தில் சுற்றுலாவியல் வந்தது. கோயிலைப் பார்க்கக் கற்பிப்பதைவிட, கோயிலுக்கு ஆள் கூட்டிச் செல்லக் கற்பிப்பது மேல் என்று நினைத்தார்கள் போலும். அப்போதும் தங்கள் நாளிதழ் அதை வரவேற்றுத்தான் எழுதியது.

படக்குறிப்பைத் திருத்தி வெளியிடுங்கள். வரலாற்று மாணவர் ஓவியம், இசை, சிற்பம் ஆகியவற்றை மதிப்பெண்ணுக்குரிய பாடமாக எடுக்க எந்தெந்தப் பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கின்றன, கட்டணம் என்ன, கடைசித் தேதி என்ன என்று அடுத்த இணைப்பில் அரைப் பக்கம் போடுங்கள். இடம் போதாதென்றால் ராசிபலனை ஒரு வாரம் நிறுத்திவைக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர்,
மயிலாடுதுறை.