ஜெனரேட்டர் புகை கேபினுக்குள் போகலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் விசைப்படகு என்ஜின்களுக்கு வேலை பார்க்கும் டீசல் மெக்கானிக் நான். மேற்குக் கடற்கரையில் இப்போது மீன்பிடித் தடைக்காலம், ஜூலை 31 வரை. இந்த நாட்களில் படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள், கியர்பாக்ஸைக் கழற்றிப் பார்க்கிறார்கள். ஜெனரேட்டரின் சைலன்சர் பைப் பக்கம் மட்டும் யாரும் போவதில்லை. ஓடுகிறதே, போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்துப் படகுகள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் தங்குபவை. இரவில் தூண்டிலை விட்டுவிட்டு மெயின் என்ஜினை அணைத்துவிட்டால், வெளிச்சத்துக்கும் பேட்டரிக்கும் ஜெனரேட்டர்தான் ஓடும். படகு ஓடாது, காற்றும் விழுந்துவிட்டால் புகை படகைச் சுற்றியே நிற்கும். அண்மையில் ஒரு படகில் ஏறிப் பார்த்தேன். புகைக்குழாயின் வாய் கேபின் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. ஆட்கள் தலைவைத்துப் படுக்கும் இடத்தில், ஜன்னல் சட்டத்தின் உள்பக்கத்தை விரலால் தடவினேன். விரல் முழுக்கக் கரி.

கரி கண்ணுக்குத் தெரிகிறது. கூடவே வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில், அதைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் போய் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வரும். தூக்கத்தில் இருப்பவர் எழாமலே போகலாம். சின்ன வயதிலிருந்தே கடலுக்குப் போகிறவருக்கு விடியற்காலையில் தலை சுற்றினால் கடல்மேல் பழி போடாதீர்கள், முதலில் குழாயைப் பாருங்கள். ஃபைபர் படகில் வைக்கும் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் இதைவிட மோசம். டீசலைவிடப் பல மடங்கு இந்த வாயுவைக் கக்கும். தண்ணீர் தெறிக்கிறது என்று அதைத் தார்ப்பாய்க்குள் மூடி, பக்கத்திலேயே படுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறுகிறது.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. ஜெனரேட்டர் ரப்பர் மவுண்டில் நின்று அதிர்வதால், அதை ஒட்டி ஸ்டீல் பெல்லோஸ், அதாவது வளைந்துகொடுக்கும் மடிப்புக் குழாய், போட வேண்டும். பைப்பின் எடையைத் தனி பிராக்கெட் தாங்க வேண்டும். என்ஜினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டில் தொங்கவிட்டால், இணைப்பை அடைக்கும் கேஸ்கட் விட்டுப்போகும். லோடு ஏறினால் பைப் 400 டிகிரிக்கு மேல் கொதிக்கும். அதனால் வெப்பக்காப்புத் துணி சுற்றி, மரத்திலும் ஃபைபரிலும் படாமல் இடைவெளி விட்டுக் கொண்டுபோக வேண்டும். கேபினுக்குள் ஒரு ஜாயின்ட்கூட இருக்கக் கூடாது. வாய் கேபின் கூரைக்கு மேலே, அமரத்துப் பக்கம், அதாவது படகின் பின்பக்கம் திரும்பியிருக்கட்டும். செலவு மிச்சம் என்று மெயின் என்ஜின் புகைக்குழாயில் சேர்த்து வெல்டிங் அடிக்கவே கூடாது. அணைந்து கிடக்கும் ஜெனரேட்டருக்குள் அந்தப் புகையும் ஈரமும் இறங்கிவிடும்.

கடல்தண்ணீர் கலந்து குளிர்விக்கும் எக்ஸாஸ்ட் என்றால் வேறு கவனமும் வேண்டும். ஜெனரேட்டர் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், தண்ணீர் லைனை நீர்மட்டத்துக்கு மேலே குறைந்தது 30 செ.மீ. உயர்த்தி அங்கே சைஃபன் பிரேக், அதாவது காற்றை உள்ளே விட்டு உறிஞ்சலைத் துண்டிக்கும் வால்வு, வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அணைத்த பிறகும் தண்ணீர் உறிஞ்சி வந்து சிலிண்டரில் நிறையும். அப்புறம் பிஸ்டனோடு இணையும் கனெக்டிங் ராடு வளைந்துதான் என் கைக்கு வரும்.

படகுகளை ஆய்வு செய்ய வரும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். நீளம், குதிரைத்திறன், லைஃப் ஜாக்கெட் இவற்றோடு ஜெனரேட்டர் புகைக்குழாய் எங்கே முடிகிறது என்பதையும் பாருங்கள். தங்கல் படகுகளின் கேபினில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்ட அரசு மானியம் தர வேண்டும். உரிமையாளர்கள் இந்த வாரமே வெல்டரைக் கூப்பிடுங்கள். ஐஸ் ஏற்றத் தொடங்கிவிட்டால் பைப்பைக் கழற்ற யாரும் நேரம் தர மாட்டீர்கள்.

இப்படிக்கு,
படகு டீசல் மெக்கானிக்,
தேங்காய்ப்பட்டணம், கன்னியாகுமரி மாவட்டம்.